முதல் மேஜைக்காரியின் தூக்கம்

அந்தப் பைண்டிங் பட்டறையில் அவளை எல்லோரும் றெக்கை என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டப்பெயரை வைத்தவள் கம்பித் தையல் மெஷினில் உட்காரும் சிநேகிதி. சிநேகிதிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ஊசி. அது மெஷினுக்காக வைத்ததா, வாய்க்காக வைத்ததா என்று கேட்டால் கேட்டவருக்கும் ஒரு குத்து விழும்.

றெக்கையின் வேலை நடை. பட்டறையின் ஜன்னலோரம் இருபதடி நீளத்தில் ஒரு மேஜை. அதன் நான்கு பக்கமும் வரிசையாகப் பதினெட்டு அடுக்குகள். ஒவ்வொரு அடுக்கிலும் பதினாறு பக்கமாக மடித்த தாள்கள். ஒரு மடிப்புக்கு ஃபாரம் என்று பெயர். முதல் ஃபாரத்தில் தொடங்கி மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒன்றை வலது கையால் எடுத்து இடது கையில் சேர்க்க வேண்டும். பதினெட்டாவது வரும்போது ஒரு புத்தகம் கையில் இருக்கும். தட்டி வைத்துவிட்டு மறுபடியும் ஒன்றாவது. மற்ற மேஜைகளில் ஒரு நாளைக்கு அறுநூறு, அறுநூற்றைம்பது தேறும். றெக்கைக்குத் தொள்ளாயிரம் வரும். பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்து, "அம்மா, தினம் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்குற நீ. ஒரு வாரம் நேரா நடந்திருந்தா வேற ஊருக்கே போயிருக்கலாம்," என்றாள்.

"போயிருக்கலாந்தான். உங்கப்பாவுக்கு யாரு சோறு போடறது?" என்றாள் றெக்கை.

அவள் நடந்தது முதல் மேஜையில். பெரிய ஆர்டர்கள் அங்கேதான் வரும். நூற்றுக்குக் கூலியும் அங்கேதான் கூடுதல். முதல் மேஜை யாருக்கும் சொந்தமில்லை. பாடப்புத்தக சீசனில் அட்டை ஒட்டிய பிறகு மூன்று முறை தப்பு பிடிபட்டால் மேஜை கைமாறும், தப்பு செய்தவள் கழிவுத்தாள் மூலைக்குப் போவாள் என்பது முதலாளி போட்ட சட்டம். அந்த மூலையில் வெட்டுத்தாளை அள்ளி மூட்டை கட்டுகிறவர்களுக்கு நாள் கூலி. றெக்கை சம்பாதிப்பதில் பாதிகூட வராது. ஒன்பது வருஷமாக அவள் அந்த மூலைப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

எல்லாம் வீடு மாறியதிலிருந்து தொடங்கியது.

வீட்டைக் கண்டுபிடித்தவர் அவள் வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை அவருக்கு. ஒரு நாள் லாட்டரி விழுந்த முகத்தோடு வந்தார். "ரெண்டாவது மாடி, காத்தோட்டமான ரூமு, தண்ணி கஷ்டமில்ல. வாடகை இதுல முக்காவாசிதான். பட்டறைக்கு நீ நடந்தே போயிடலாம்."

"அவ்வளவு சல்லிசா எதுக்குக் குடுக்கறான்?" என்று அவள் கேட்டாள்.

"நல்ல மனுசன், குடுக்கறான். நல்லது நடந்தா சந்தேகப்படறதே உனக்கு வேலை."

குடிபோன முதல் இரவே காரணம் தெரிந்துவிட்டது. கீழ்த்தளத்தில் ஐஸ் கிடங்கு. பகலெல்லாம் சாதுவாக மூடிக் கிடந்த இரும்புக் கதவு இரவு இரண்டு மணிக்குச் சடசடவென்று மேலேறியது. லாரி பின்னால் நகரும்போது போடும் கூச்சல், பாளம் பாளமாக ஐஸைத் தரையில் இழுக்கும் சத்தம், பிறகு அதை நொறுக்கும் மெஷின். மெஷின் ஓடும்போது கட்டிலின் கால் தரையில் நடுங்குவதை அவள் முதுகில் உணர்ந்தாள். ஐந்து மணிக்கு எல்லாம் ஓய்ந்தபோது அவளுக்கு எழுந்திருக்கும் நேரம்.

"சத்தமா? எந்தச் சத்தம்?" என்றார் வீட்டுக்காரர் காலையில் பல் விளக்கிக்கொண்டே.

"உங்களைத் தூக்கிட்டுப்போய் லாரியில ஏத்துனாகூட உங்களுக்குக் கேக்காது."

"ஐஸோட சேத்து அப்பாவையும் நொறுக்கிடுவாங்க. அப்பவும் குறட்டை நிக்காது," என்றாள் மகள். அவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்கப் பழகிவிட்டாள். வயசு அப்படி.

றெக்கையும் பஞ்சு வைத்துப் பார்த்தாள். காதைப் பஞ்சால் அடைக்கலாம், நடுங்கும் கட்டிலை எதனால் அடைப்பது? கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றினாள். தரையில் பாய் போட்டாள். தரை இன்னும் மோசம். பத்து நாளில் பழகிவிடும் என்றார்கள். பழகியது அவளுக்கல்ல, அவள் உடம்புக்கு: கதவு ஏறுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே அலாரம் வைத்ததுபோல விழித்துக்கொள்ளப் பழகியது.

இரண்டு மாதத்தில் தொள்ளாயிரம் எழுநூறாயிற்று. எழுநூறு அறுநூறாயிற்று. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் நேரம் வேலை செய்வது. காலையில் அரை மணி முன்னதாக வந்தாள். சாயங்காலம் விளக்கை அணைக்கிறவர் வந்து நிற்கும்வரை நடந்தாள். பகல் சாப்பாட்டு இடைவேளையில் நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொண்டு மேஜைக்குத் திரும்பினாள். அது பட்டறையில் எல்லோரும் செய்வதுதான். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்களுக்கு இடைவேளை என்பது சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் வார்த்தை. நேரம் ஏறியது, எண்ணிக்கை இறங்கியது. வாடகையில் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு பங்கை அவள் மேஜையில் தொலைத்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றுவதற்கும் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும்.

"றெக்கையை யாரோ புடுங்கிட்டாங்கடி," என்றாள் ஊசி. "நடக்குறியா, மிதக்குறியா? உனக்காகக் காத்துக் காத்து என் மெஷினே கொட்டாவி விடுது."

"வயசாகுது."

"எனக்கு உன்னவிட ரெண்டு வயசு கூட. நான் என்ன கெழவியா?"

"அதை நான் வேற சொல்லணுமா?"

சிரித்தார்கள். ஆனால் அந்த வாரமே முதல் தப்பு பிடிபட்டது: ஒரு புத்தகத்தில் ஐந்தாவது ஃபாரம் தலைகீழ். மூன்று வாரம் கழித்து இரண்டாவது: ஒன்பதாவது ஃபாரமே இல்லை. தப்புகளை எழுதுவதற்கென்று, பட்டறையை மேற்பார்வை பார்க்கும் மேஸ்திரி நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். ஒன்பது வருஷத்தில் அதில் ஏறாத அவள் பெயர் ஒரே மாதத்தில் இரண்டு முறை ஏறியது. எழுதும்போது மேஸ்திரியே அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கண் போய்விட்டது என்று நினைத்துக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடைக்காரன் பலகையில் இருந்த எழுத்தையெல்லாம் படிக்கச் சொன்னான். அடி வரிசைப் பொடி எழுத்துவரை தடங்கலில்லாமல் படித்தாள்.

"கண்ணு பிரமாதமா இருக்கு. ராத்திரி தூங்குறீங்களா?"

"படுக்கறேன்."

"அதை நான் கேக்கல."

அவளுக்குக் கோபம் வந்தது. தூக்கமெல்லாம் ஒரு வியாதியா? தூக்கம் வருது என்று பட்டறையில் சொன்னால் சோம்பேறி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அவளேகூட மற்றவர்களை அப்படிச் சொன்னவள்தான். கண்ணாடி வாங்காமல் வெளியே வந்தாள்.

அதற்கு இரண்டாம் நாள் பகலில், புத்தகக் கட்டைச் சுற்றும் தாள் எடுக்கப் பட்டறையின் பின்பக்கம் போனாள். அங்கே காகிதப் பொதிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். இரண்டு அடுக்குக்கு நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவுக்குச் சந்து. குனிந்தவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது வரைதான் நினைவு.

"செத்துக்கித்துப் போயிட்டியா?" என்று ஊசி தோளைப் பிடித்து உலுக்கியபோது இருபத்தைந்து நிமிஷம் ஓடியிருந்தது. விழுந்தடித்துக்கொண்டு மேஜைக்கு ஓடினாள். முப்பது புத்தகம் போச்சே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் கால் வேறு மாதிரி நடந்தது. அடுக்கு எங்கே இருக்கிறது என்று கை யோசிக்கவில்லை. சாயங்காலம் எண்ணிப் பார்த்தால், போன முப்பதும் வந்து அதற்கு மேலும் ஐம்பது வந்திருந்தது.

அவள் நம்பவில்லை. மறுநாள் வேண்டுமென்றே படுத்தாள். அதற்கடுத்த நாளும் படுத்தாள். "மகாராணி பள்ளியறைக்குப் போறாங்க, எல்லாரும் வழி விடுங்க!" என்று ஊசி கத்துவாள். கத்திவிட்டு இருபத்தைந்தாவது நிமிஷம் அவளே வந்து எழுப்புவாள். இரண்டு வாரத்தில் எண்ணூறைத் தொட்டாள். ஐஸ் கிடங்கு அப்படியேதான் இருந்தது, இரவும் அப்படியேதான். பகலில் கிடைத்த அந்தக் கையளவு தூக்கம்தான் கை கொடுத்தது.

மூன்றாவது வாரம் மேஸ்திரி வந்து தயங்கித் தயங்கி நின்றார். முப்பது வயது ஆள், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் ஐந்து மாத இரட்டைக் குழந்தைகள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவது வழக்கமாகியிருந்தது.

"அக்கா, இந்த வாரம் கணக்குப் புத்தக ஆர்டர் போகுது. முதலாளி தினம் வந்து நிப்பாரு. நீ படுத்திருக்கறதப் பாத்தா எனக்குத்தான் திட்டு. ஒரு நாலு நாள் மட்டும்..."

"நாலு நாள்தானே? சரி மேஸ்திரி."

ஆயிரத்து ஐந்நூறு கணக்குப் புத்தகம். மூன்று நாளில் அடுக்கி முடித்தாள். நடுநாள் எப்படிப் போனது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

நான்காம் நாள் பகல் பன்னிரண்டரை. ஆர்டர் முழுக்க அட்டை ஒட்டி, நூறு நூறாகக் கட்டி வாசலோரம் அடுக்கியாயிற்று. நாலு மணிக்கு லாரி. மேஸ்திரி ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். விரித்துக் காட்டினார். நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு மறுபடியும் நூற்று எழுபத்தேழு. பன்னிரண்டாவது ஃபாரம் இரண்டு முறை, பதின்மூன்றாவது இல்லை.

மூன்றாவது தப்பு. கழிவுத்தாள் மூலை அவள் நின்ற இடத்திலிருந்து இருபது அடி தூரத்தில் இருந்தது. அங்கே யாரோ மூட்டையை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுதானா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுதான் பாத்தேன்."

பன்னிரண்டும் பதின்மூன்றும் மேஜை திரும்புகிற மூலையில் இருப்பவை. திரும்பும்போது கண் ஒரு நொடி மூடியிருந்தால், எடுத்த அடுக்கிலேயே கை இன்னொரு முறை எடுத்திருக்கும். அப்படியானால் ஒன்றோடு நிற்காது. அவள் நேராக மிச்சத்தாள் அலமாரிக்குப் போனாள். அச்சகத்திலிருந்து ஒவ்வொரு ஃபாரமும் ஆயிரத்து ஐந்நூற்று அறுபது வரும். புத்தகம் போக அறுபது அறுபது மிஞ்சும். மிஞ்சியதைத் தனித்தனியாகக் கட்டி வைப்பார்கள். பதினொன்றாவது கட்டை எண்ணினாள்: அறுபது. பதினான்காவது: அறுபது. பதின்மூன்றாவதை இரண்டு முறை எண்ணினாள்.

எண்பத்துமூன்று.

"இருபத்துமூணு புத்தகம் மேஸ்திரி," என்றாள். "ஒண்ணு உங்க கையில இருக்கு. மிச்சம் இருபத்திரண்டு வாசல்ல இருக்கற கட்டுகள்ல எங்கேயோ இருக்கு."

மேஸ்திரி அப்படியே ஒரு பொதியின் மேல் உட்கார்ந்தார். தப்பு அவரையும் தாண்டித்தான் போயிருந்தது. ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் கறுப்பாக ஒரு கட்டம் இருக்கும். ஒன்றைவிட ஒன்று சற்றுத் தாழ்வாக. புத்தகத்தைச் சரியாக அடுக்கினால் அந்தக் கட்டங்கள் முதுகில் படிக்கட்டு மாதிரி இறங்கும். எங்காவது படி உடைந்தால் தப்பு. அட்டை ஒட்டுவதற்கு முன் நூறு நூறாகப் படியைப் பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. பதினைந்து சீட்டிலும் அவர் கையெழுத்து இருந்தது. இப்போது அட்டை ஒட்டியாயிற்று, படி தெரியாது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இரண்டு பேரும் பிரித்தார்கள். அரை மணி நேரத்தில் நானூறு பார்த்து நான்கு கண்டுபிடித்தார்கள். சந்தேகம் வந்து, சரி என்று ஒதுக்கிய கட்டிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தாள் றெக்கை. தப்பு. பார்த்து, புரட்டி, சரி என்று அவளே ஒதுக்கிய புத்தகம். கண் பக்கத்தைப் பார்த்திருக்கிறது, பக்க எண் மனசில் ஏறவில்லை.

அவள் புத்தகத்தைக் கீழே வைத்தாள்.

"தம்பி, நேத்து எத்தன மணி நேரம் தூங்குன?"

"தூக்கமா? ஒண்ணு தூங்குனா இன்னொண்ணு அழுவுது. அது தூங்குனா இது. நானும் அவளும் முறை போட்டு..." மேஸ்திரி கணக்குப் போட முயன்று விட்டுவிட்டார். "ரெண்டு மணி நேரம் இருக்கும்க்கா."

"எனக்கு மூணு. அஞ்சு மணி நேரத் தூக்கத்த ரெண்டு பேரு பங்கு போட்டுக்கிட்டு ஆயிரத்தைந்நூறு புத்தகத்தப் பாக்கறோம். இப்படிப் பாத்தா நாலு மணிக்குள்ள முடிச்சிடுவோம், தப்பும் உள்ளயே இருக்கும். நான் படுக்கப் போறேன்."

"அக்கா! லாரி நாலு மணிக்கு!"

"தெரியும். நீயும் கண்ண மூடு. ஏய் ஊசி, இருபத்தஞ்சு நிமிசத்துல எழுப்பு."

"ரெண்டு பேரையுமா? தாலாட்டு வேற பாடணுமா?" என்றாள் ஊசி. ஆனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

றெக்கை சந்துக்குள் போனாள். வேலை போகப்போகிறவளுக்குத் தூக்கம் வராது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தலை தரையில் பட்டதும் அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். மேஸ்திரி பொதியில் சாய்ந்து உட்கார்ந்தபடி, வாய் பிளக்க, குறட்டையே விட்டார்.

எழுப்பியது ஊசி அல்ல, முதலாளி.

"மேஸ்திரி!" பட்டறையில் எல்லா மெஷினும் நின்றது. "இது என்ன பட்டறையா, சத்திரமா?"

மேஸ்திரி எழுந்த வேகத்தில் பொதி சரிந்தது. ஊசி பின்னால் நின்று இரண்டு கையையும் விரித்தாள்: நான் என்ன செய்ய, இருபதாவது நிமிஷத்திலேயே வந்துவிட்டார். றெக்கை சந்திலிருந்து புடவையை உதறிக்கொண்டு வந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் தலை கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

"கணக்குப் புத்தகத்துல இருபத்துமூணு தப்பு, முதலாளி. என் கையாலதான் வந்துச்சு. அஞ்சு எடுத்தாச்சு, ஆறாவது மேஸ்திரி கொண்டுவந்தது. மீதி பதினேழையும் லாரி வர்றதுக்குள்ள எடுத்துடுவேன்."

"தப்பையும் பண்ணிட்டுத் தூக்கம் வேறயா?"

"தூங்காமதான் முதலாளி தப்புப் பண்ணேன்."

முதலாளி சுவர்ப் பக்கம் திரும்பினார். கடிகாரத்தைக் காட்டினார்.

அவள் வாசலோரம் தரையில் உட்கார்ந்தாள். முதல் கட்டிலிருந்தே மறுபடி தொடங்கினாள். கட்டைவிரலால் புத்தகத்தின் மூன்றில் இரண்டு பாகத்தில் கிள்ளி விரிப்பாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டுக்கு எதிரே நூற்றுத் தொண்ணூற்றுமூன்று இருந்தால் இடப்பக்கம் போகும். சட், சட் என்று ஒரே தாளம். மேஸ்திரி கட்டைப் பிரித்துக் கொடுத்து, பார்த்ததைத் திரும்பக் கட்டினார். ஏழு. எட்டு. நடுநாள் அடுக்கிய கட்டுகளில் கொத்தாகக் கிடைத்தன: ஒரே நூறில் ஆறு. முதலாளி போவதாகச் சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார்.

இருபத்துமூன்றாவது கிடைத்தபோது மணி மூன்றே முக்கால். இன்னும் மூன்று கட்டு பிரிக்காமல் இருந்தது. றெக்கை எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"அந்த முந்நூறையும் பாக்கலயே?" என்றார் முதலாளி.

"அதுல இல்ல முதலாளி. மிச்சக் கட்டு இருபத்துமூணுன்னு சொல்லிச்சு. இருபத்துமூணும் வந்தாச்சு."

முதலாளி தானே ஒரு கட்டைப் பிரித்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் புத்தகத்தை விரித்தார். பத்தும் சரி. லாரி வந்தது. ஆயிரத்து நானூற்று எழுபத்தேழு போயிற்று. மீதி மறுநாள் பிரித்துக் கட்டித் தருவதாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

லாரி போன பிறகு மேஸ்திரி நீல நோட்டை எடுத்தார். றெக்கை மேஜையருகில் நின்றாள். கை அடுக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேஸ்திரி எழுதி, நோட்டை முதலாளியிடம் நீட்டினார்.

முதலாளி படித்தார். மறுபடி படித்தார். "என்னய்யா இது, ரெண்டு பேர் பேரு இருக்கு?"

"அடுக்கினது அவங்க, பாத்துக் கையெழுத்துப் போட்டது நான். பதினஞ்சு சீட்டுலயும் போட்டிருக்கேன் முதலாளி. அவங்கள மூலைக்கு அனுப்பினா என்னையும் அனுப்பணும்."

"மேஸ்திரியத் தாள் பொறுக்க அனுப்பிட்டு மேற்பார்வைய யாரு பாக்கறது? நானா?"

"மூலையில ரெண்டு பேருக்கு எடமில்ல முதலாளி," என்றாள் ஊசி, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "ஒருத்தரு குறட்டை வேற விடறாரு."

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. நோட்டை மூடி மேஸ்திரியிடம் கொடுத்தார். இருபத்துமூன்று புத்தகத்தைப் பிரித்துக் கட்டுவதற்கு இரண்டு பேருக்கும் கூலி கிடையாது என்றார். சீசன் முடிகிறவரை மேஜை அவளிடமே இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அவர் சொல்லக்கூடியதில் அதுதான் உச்சம் என்று எல்லோருக்கும் தெரியும்.

வாசல்வரை போனவரை றெக்கை கூப்பிட்டாள்.

"முதலாளி, நாளைக்கும் பகல்ல படுப்பேன். சொல்லாமப் படுக்கறது எனக்குப் பிடிக்கல."

முதலாளி சரிந்து கிடந்த பொதிகளைப் பார்த்தார், அதற்கு நடுவில் இருந்த சந்தைப் பார்த்தார்.

"படு," என்றார். "நான் வர்ற நேரத்துல கண்ணுல படாம படு. மேஸ்திரி, அந்தப் பொதிய இன்னும் கொஞ்சம் உயரமா அடுக்குய்யா."

விளக்கை அணைக்கிறவர் வருவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. றெக்கை முதல் ஃபாரத்தை எடுத்தாள்.